கதவுக் கண்ணாடிக்கு மறதி வந்தால்

காருக்குப் புது பேட்டரி போட்ட மறுநாள்தான் பலருக்கும் இது தெரியவரும். பார்க்கிங் வாசலில் சீட்டு வாங்குவதற்காக ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இறக்குவோம். சீட்டை வாங்கி முன்னால் போட்டுவிட்டு, பழக்கத்தில் ஸ்விட்சை ஒரு இழு இழுத்துவிட்டுக் கையை ஸ்டீயரிங்குக்குக் கொண்டுபோவோம். நேற்றுவரை தானாக உச்சிவரை போய் மூடிக்கொண்ட கண்ணாடி, இன்று விரலை எடுத்த இடத்திலேயே நின்றுவிடும். மறுபடி இழுத்தால் இன்னும் கொஞ்சம் ஏறும். விட்டால் நிற்கும். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருப்பார்.

என் காரில் இது நடந்தபோது பக்கத்துப் பட்டறையில் கதவைத் திறக்காமலேயே தீர்ப்பு சொன்னார்கள்: "மோட்டார் வீக் ஆயிடுச்சு சார். மெஷினோட சேத்து மாத்திடலாம்." விலையைக் கேட்டதும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடி ஏற்றிய காலமே தேவலை என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து, டேஷ்போர்டு பெட்டிக்குள் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்த கையேட்டை எடுத்துப் புரட்டினேன். விஷயம் அரைப் பக்கத்துக்குள் இருந்தது. முழுக்க இறக்கு, முழுக்க ஏற்று, ஏறி முட்டிய பிறகும் ஸ்விட்சை விடாமல் பிடி. பத்து வினாடி வேலை.

மோட்டாருக்கு ஒன்றுமே ஆகியிருக்கவில்லை. தன் உச்சி எங்கே இருக்கிறது என்பது கண்ணாடிக்கு மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான். மறந்துபோனதால் தானாக ஏற மாட்டேன் என்று நின்றதே, அது பழுதே இல்லை. அந்தக் கதவுக்குள் இருக்கும் மிக நல்ல குணம் அதுதான். ஏன் என்று புரிய, கதவுக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

விசையில் ஏறும் கண்ணாடி புதிதல்ல. 1940இன் கடைசியில் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் தன் 180 வரிசை சொகுசுக் கார்களில் இதைக் கொண்டுவந்தது. ஏற்றி இறக்கியது எண்ணெய் அழுத்தம். 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் முழுக்க மின்மோட்டாருக்கு மாறியது. அந்தக் காலத்துக் கண்ணாடிகளுக்கெல்லாம் ஒன்றும் தெரியாது. ஸ்விட்சை அழுத்தினால் ஏறும், நடுவில் எது வந்தாலும் நெரிக்கும். இன்றைக்கும் பல கார்களின் பின்கதவுகளில் இருப்பது அதே மூடக் கண்ணாடிதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அது தேவைப்படும்.

கதவின் உட்புற மூடுபலகையைக் கழற்றினால் தெரிவது பெரும்பாலும் இதுதான்: உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு 12 வோல்ட் மோட்டார், அதோடு ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் உருளை, உருளையில் சுற்றிய மெல்லிய இரும்புக் கம்பி, கம்பி இழுக்க இழுக்கத் தண்டவாளத்தில் மேலும் கீழும் ஓடும் ஒரு பிடி. அந்தப் பிடியில்தான் கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. பட்டறைகளில் மொத்தத்தையும் 'விண்டோ மெஷின்' என்பார்கள். பழைய கார்களில் கம்பிக்குப் பதில் கத்தரிக்கோல்போல விரியும் இரும்புக் கைகள் இருக்கும். மோட்டாருக்கும் உருளைக்கும் நடுவே திருகுப் பல் ஒன்று இருக்கிறது. மோட்டார் பல பத்து முறை சுற்றினால்தான் உருளை ஒரு முறை சுற்றும். அதனால் சின்ன மோட்டாருக்குப் பெரிய பலம் கிடைக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு: திருகு பல்லைத் தள்ளும், பல் திருகைத் தள்ளாது. மூடிய கண்ணாடியை வெளியிலிருந்து கையால் அழுத்தி இறக்க முடியாமல் இருப்பது இதனால்தான்.

தானாக ஏறும் கதவில் இதோடு கூடுதலாக இரண்டு பொருள்கள் இருக்கும். மோட்டார் அச்சில் ஒரு குட்டிக் காந்த வளையம், அதன் பக்கத்தில் ஹால் சென்சார் எனும் காந்த உணரி. காந்தத்தின் ஒவ்வொரு துருவம் கடக்கும்போதும் உணரி ஒரு துடிப்பு அனுப்பும். கதவிலிருக்கும் மின்னணுப் பெட்டி அந்தத் துடிப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கும். உணரிகள் பெரும்பாலும் இரண்டு. எது முதலில் துடித்தது என்பதை வைத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ளும். சில மோட்டார்களில் உணரியே கிடையாது. மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தில் எழும் சிற்றலைகளை எண்ணியே வேலையை முடித்துவிடுவார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது: பெட்டிக்குக் கண்ணாடி தெரியாது. எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். இருட்டில் மாடிப்படி ஏறுகிறவர் படியை எண்ணிக்கொண்டே போவதுபோல, இத்தனையாவது துடிப்பில் உச்சி வரும் என்று எண்ணிக்கொண்டே போகிறது. நடுவில் யாராவது கூப்பிட்டு எண்ணிக்கை விட்டுப்போனால், அப்புறம் ஒவ்வொரு படியையும் காலால் துழாவித்தான் ஏற வேண்டும். பேட்டரியைக் கழற்றுவதும், பேட்டரி அடியோடு இறங்கிப்போவதும், கதவின் ஃபியூஸ் போவதும் அப்படிக் கூப்பிடுகிற வேலைதான்.

சரி, எண்ணிக்கை தெரியாவிட்டால் என்ன? ஏறிக்கொண்டே போய் எங்கே முட்டுகிறதோ அங்கே நின்றுவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். கண்ணாடி எதிலோ முட்டினால் மோட்டாரின் வேகம் குறையும், மின்னோட்டம் கூடும். முட்டியது மேல்சட்டத்தின் ரப்பராகவும் இருக்கலாம், குழந்தையின் விரலாகவும் இருக்கலாம். மோட்டாருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான். ரப்பர் என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தி உள்ளே போய் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் வரும். விரல் என்றால் அந்தக் கணமே திரும்பி இறங்க வேண்டும். எது எது என்று பிரித்துச் சொல்ல அதற்கு இருக்கும் ஒரே ஆதாரம், இப்போது எத்தனையாவது துடிப்பு என்பதுதான்.

இதை விதிகளே எண்களில் சொல்கின்றன. ஐரோப்பா உள்ளிட்ட பல நாடுகள் பின்பற்றும் ஐ.நா.வின் 21ஆம் எண் வாகன விதிப்படி, தானாகத் திரும்பும் கண்ணாடி 100 நியூட்டனுக்கு மேல் நெரிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். ஏறத்தாழ 10 கிலோ எடை அழுத்துவதற்குச் சமம் அது. இந்தக் கட்டுப்பாடு திறப்பு 200 மில்லிமீட்டரிலிருந்து 4 மில்லிமீட்டர் ஆகும்வரை. கடைசி 4 மில்லிமீட்டருக்கு அது கிடையாது. அங்கே முழு பலத்தோடு ரப்பருக்குள் புகலாம். அமெரிக்காவின் 118ஆம் எண் விதியும் இதே 100 நியூட்டனையும் 4, 200 மில்லிமீட்டர்களையும்தான் பேசுகிறது. திரும்பிய கண்ணாடி எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கும் ஐ.நா. விதியில் கணக்கு உண்டு: ஏறத் தொடங்கிய இடத்துக்கே போகலாம், 200 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருளை நுழையும் அளவுக்குத் திறக்கலாம், அல்லது திரும்பிய இடத்திலிருந்து குறைந்தது 50 மில்லிமீட்டர் இறங்கலாம். ஒரு காரில் கண்ணாடி அடிவரை இறங்குவதும் இன்னொன்றில் நாலு விரல் மட்டும் இறங்கி நிற்பதும் இதனால்தான்.

ஆக, அந்த 4 மில்லிமீட்டர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத கண்ணாடி, தனியாக ஏறுவதற்குத் தகுதியில்லாத கண்ணாடி. அது தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் கட்டுப்பாடு: 'உன் விரல் ஸ்விட்சில் இருக்கும்வரை ஏறுகிறேன். நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன். நீ கையை எடுத்தால் நான் நிற்கிறேன்.'

உச்சியைச் சொல்லிக்கொடுப்பது

சொல்லிக்கொடுக்கும் முறை எல்லாக் கார்களிலும் ஒரே கருத்துதான். கண்ணாடியை உச்சியில் முட்டவிட்டு, முட்டிய பிறகும் ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டே இருந்தால், 'இதுதான் உச்சி, இங்கிருந்து எண்ணத் தொடங்கு' என்று பெட்டி எடுத்துக்கொள்ளும். வேறுபடுவது சில்லறை விவரங்கள்தான். ஹூண்டாய் கார்களில் பொதுவாக, கண்ணாடி முழுக்க மூடிய பிறகும் ஒரு வினாடியாவது ஸ்விட்சை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் போதும். ஹோண்டாவிலும் சுசுகியிலும் முதலில் முழுக்க இறக்கச் சொல்வார்கள். பிறகு ஒரே இழுப்பில் முழுக்க ஏற்றி, மூடிய பின் ஒன்றிரண்டு வினாடி பிடிக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகனில் மூடிய கண்ணாடியின் ஸ்விட்சை ஒரு வினாடி இழுத்துப் பிடித்து, விட்டு, மறுபடி ஒருமுறை பிடிக்க வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு, மாடலுக்கு மாடல் இது மாறும். உங்கள் கையேடு சொல்வதே கடைசிச் சொல். வினாடிக் கணக்கில் சந்தேகமிருந்தால் ஐந்து வினாடி பிடியுங்கள், கூடுதலாகப் பிடித்ததால் கெட்டுப்போனதில்லை.

செய்கிறபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கட்டும். அரைகுறையாக இருக்கும் பேட்டரியில், மோட்டார் உச்சியில் முட்டித் திணறும் நேரத்தில் வோல்டேஜ் விழுந்து, பாடம் பாதியில் நின்றுவிடலாம். கதவுகளைச் சாத்திவிட்டுச் செய்யுங்கள். நடுவில் ஸ்விட்சை விடாதீர்கள்; விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நாலு கதவிலும் தானியங்கி வசதி உள்ள கார் என்றால் ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பல கார்களில் அந்தந்தக் கதவின் ஸ்விட்சில் செய்தால்தான் எடுபடும். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நாலையும் ஏற்றிப் பார்த்துவிட்டு 'ரீசெட் ஆகல' என்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பாடம் நடக்கும் அந்தச் சில வினாடிகளில் விரலா ரப்பரா என்று கண்ணாடிக்குத் தெரியாது. தடை வந்தால் திரும்பும் குணம் அப்போது வேலை செய்யாமல் போகலாம், முழு பலத்தோடு முட்டும். பக்கத்தில் குழந்தை நின்று வேடிக்கை பார்த்தால் முதலில் அதை உள்ளே அனுப்பிவிட்டு ஸ்விட்சைத் தொடுங்கள்.

மேலே போய்த் திரும்பி வரும் கண்ணாடி

மறதிக்கு நேரெதிரான இன்னொரு தொல்லை உண்டு. கண்ணாடி தானாக ஏறும், உச்சிக்கு இரண்டு விரல் இருக்கும்போது எதையோ பார்த்துப் பயந்ததுபோலத் திரும்பி இறங்கிவிடும். மறுபடி ஏற்றினால் மறுபடி இறங்கும். மழை நேரத்தில் இது நடந்தால் எரிச்சலுக்கு அளவே இருக்காது.

இங்கே ரீசெட் செய்து பார்ப்பதில் தப்பில்லை. கம்பி தளர்ந்தோ, ரப்பர் வயதாகித் தடித்தோ எண்ணிக்கை சற்றுப் பிசகியிருந்தால் சரியாகிவிடும். ஆனால் பெரும்பாலும் காரணம் எண்ணிக்கையில் இல்லை, வழியில் இருக்கிறது. கண்ணாடி ஓடும் பள்ளத்தில் 'பீடிங்' என்று நாம் சொல்லும் ரப்பர் இருக்கிறதே, அது வெயிலில் காய்ந்து இறுகும், புழுதி சேர்ந்து சொரசொரக்கும். மோட்டார் அங்கே திணறும்போது, ஏதோ மாட்டிக்கொண்டது என்று பெட்டி நினைக்கிறது. நினைப்பதில் குற்றமில்லை, நிஜமாகவே மாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஈரத்துணியை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் சுற்றிப் பள்ளம் முழுக்கத் துடைத்து, காய்ந்த பிறகு சிலிகான் ஸ்பிரே கொஞ்சம் அடித்து ஏற்றி இறக்கினால் பாதிக் கார்களில் தொல்லை தீர்ந்துவிடும். கிரீஸ், எஞ்சின் ஆயில் வேண்டாம். அவை ரப்பரை ஊதவைக்கும், போதாததற்கு ஊர்ப் புழுதியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்த குற்றவாளி, மழைத்தண்ணீர் உள்ளே வராமலிருக்க நாம் ஆசையாக வாங்கி மாட்டும் விண்டோ வைசர். கதவுச் சட்டத்துக்கு வெளியே ஒட்டுகிற ரகம் பரவாயில்லை. பள்ளத்துக்குள் செருகுகிற ரகம் கண்ணாடி போக வேண்டிய இடத்தில் பாதியைத் தானே எடுத்துக்கொள்ளும். கண்ணாடியில் ஒட்டிய ஃபிலிமின் விளிம்பு சுருண்டு பீடிங்கில் மாட்டினாலும் இதேதான். ஃபிலிம் ஒட்டலாமா கூடாதா என்ற சட்டச் சண்டைக்குள் நான் போகவில்லை, அது 2012இல் உச்ச நீதிமன்றம்வரை போய் வந்த கதை.

மழையில் அவசரமாக மூடியே ஆக வேண்டும் என்றால், பல கார்களில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். திரும்பி இறங்கிய சில வினாடிகளுக்குள் ஸ்விட்சை மறுபடி இழுத்து விடாமல் பிடித்தால், தடையைப் பொருட்படுத்தாமல் ஏறும். நெரிக்கிற பலத்தோடு ஏறும் என்பதை மறக்க வேண்டாம்.

ரீசெட்டே செய்ய முடியாத கார்களும் உண்டு. இதைச் சொல்லாமல் விட்டால் யாரோ ஒருவர் அரைமணி நேரம் ஸ்விட்சோடு மல்லுக்கட்டுவார். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் ஓட்டுநர் ஸ்விட்சில் 'ஆட்டோ' என்று எழுதியிருக்கும். ஆனால் அது இறங்குவதற்கு மட்டும். இறங்கும் கண்ணாடி யாரையும் மேல்சட்டத்தோடு வைத்து நெரிக்கப் போவதில்லை. அதனால் எண்ணவும் வேண்டாம், உணரியும் வேண்டாம். அடியில் முட்டியதும் மின்சாரத்தை நிறுத்தினால் போதும். ஏறுவதற்கு அத்தனையும் வேண்டும், அதற்குக் காசு வேண்டும். விற்பனை மேசையில் 'ஒன் டச் பவர் விண்டோ' என்று சொன்னால், ஏறவா இறங்கவா என்று ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. ஏறும் வசதி பிறவியிலேயே இல்லாத கதவை எத்தனை வினாடி பிடித்தாலும் வரப்போவதில்லை.

ஒரு கதவு மட்டும் அடிக்கடி மறந்துபோனால், கதவைத் திறந்து, கதவுக்கும் உடலுக்கும் நடுவே ஓடும் கருப்பு ரப்பர்க் குழாயைப் பாருங்கள். அதற்குள் போகும் ஒயர்கள் கதவைத் திறக்கும்போதெல்லாம் மடங்கி மடங்கி, வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும். கதவு ஒரு கோணத்தில் இருந்தால் வேலை செய்வதும் இன்னொரு கோணத்தில் செத்துப்போவதும் இதன் அடையாளம். தொடர்ந்து ஏற்றி இறக்கி விளையாடிய பிறகு கண்ணாடி அசையாமல் நின்றால் பதற வேண்டாம். மோட்டார் சூடேறாமலிருக்கத் தன்னை அணைத்துக்கொண்டிருக்கும். சில நிமிடம் விட்டால் வந்துவிடும்.

ஸ்விட்ச் இறுக்கமாக இருக்கிறது என்று அதற்குள் கண்டதை அடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. 2012 அக்டோபரில் டொயோட்டா உலகம் முழுக்க சுமார் 74 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்த ஓட்டுநர் பக்க ஸ்விட்சுக்காகத்தான். தயாரிப்பில் கிரீஸ் சமமாகப் பூசப்படாததால் ஸ்விட்ச் பிசுபிசுத்தது. கடையில் விற்கும் உயவுப் பொருள்களை அதில் அடித்தால் ஸ்விட்சே உருகிப் புகையலாம் என்று அந்த நிறுவனமே எச்சரித்தது. கண்ணாடி மோட்டாருக்கான ஃபியூஸ் பொதுவாக 20, 30 ஆம்பியர் அளவில் இருக்கும். அத்தனை மின்சாரத்தோடு விளையாடக் கூடாது.

ஸ்விட்சின் வடிவத்துக்கும் ஒரு துயரமான வரலாறு உண்டு. முன்பு பல கார்களில் அது சீசாப் பலகைபோல இருந்தது. ஒரு முனையை அழுத்தினால் ஏறும், மறுமுனையை அழுத்தினால் இறங்கும். தலையை வெளியே நீட்ட முட்டி போட்ட குழந்தையின் கால்மூட்டு அதில் பட்டு, கண்ணாடி ஏறி, அமெரிக்காவில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். அதன் பிறகு 2004இல் அங்கே ஸ்விட்ச் விதியைக் கடுமையாக்கினார்கள். 2005இல் வந்த சட்டம், மூட வேண்டுமென்றால் மேல்நோக்கி இழுக்கும்படிதான் ஸ்விட்ச் இருக்க வேண்டும் என்றது. இன்று நாம் விரலை வளைத்து இழுக்கிறோமே, அந்த ஒரு அசைவுக்குப் பின்னால் இருப்பது இதுதான். எல்லாக் கண்ணாடியும் தானாகத் திரும்பியே ஆக வேண்டும் என்று மட்டும் அவர்கள் கட்டாயமாக்கவில்லை. அது தவறான முடிவு என்பது என் எண்ணம். பின் இருக்கையில் உட்காருவது யார் என்று யோசித்தால் போதும்.

தானாக ஏறும் வசதி இருந்துவிட்டால் மட்டும் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. 2022 செப்டம்பரில் டெஸ்லா அமெரிக்காவில் சுமார் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. தடை வந்தபோது கண்ணாடி திரும்ப வேண்டிய விதத்தில் திரும்பாமல் போகலாம் என்பதே காரணம். ஒரு கதவையும் கழற்றவில்லை. இணையம் வழியாக மென்பொருளை மாற்றிச் சரிசெய்தார்கள். விரலையும் ரப்பரையும் பிரித்தறிவது எவ்வளவு நுட்பமான கணக்கு என்பது அதிலேயே தெரிகிறது.

எனவே அடுத்த முறை பேட்டரி மாற்றும்போது, பேட்டரிக்காரர் பழையதைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்குள் எல்லாக் கதவுக்கும் உச்சியைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். சிலர் சிறிய துணை பேட்டரியை இணைத்துவிட்டு மாற்றித் தருவார்கள், அப்படியானால் மறதியே வராது, கடிகாரமும் ரேடியோவும்கூட அப்படியே இருக்கும். சொல்லிக்கொடுத்த பிறகு, திரும்புகிறதா என்று கையை வைத்துப் பார்க்காதீர்கள். செய்தித்தாளை மணிக்கட்டுத் தடிமனுக்குச் சுருட்டி, நூல் கட்டி, பாதி திறந்த கண்ணாடியின் மேல் படுக்கவைத்துவிட்டு ஸ்விட்சை ஒருமுறை இழுத்துவிடுங்கள். தாளைக் கொஞ்சம் கசக்கிவிட்டுக் கண்ணாடி இறங்கிப்போனால், வேலை முடிந்தது. தாள் நசுங்கிக்கொண்டே இருந்தால், பாடத்தை முதலிலிருந்து நடத்துங்கள்.